செந்துறை வெயிலுக்கு ஏற்ற பசுமைக்குடில் எது?

ஒரு சதுர மீட்டருக்கு 467 ரூபாய் 50 காசு. பசுமைக்குடில் போடும் விவசாயிக்குத் தமிழகத் தோட்டக்கலைத் துறை பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த மானியம் இது. நிழல்வலைக் குடில் என்றால் 355 ரூபாய். தேசியத் தோட்டக்கலை இயக்கம் 2014-ல் வகுத்த செலவுக் கணக்கில் இது சரிபாதி. 1,000 சதுர மீட்டர் குடிலுக்கு 9.35 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டு 4,67,500 ரூபாயை அரசு தந்தது. மீதி விவசாயியின் தலையில். கம்பிக் கூண்டு நிற்கிறதா, ஷீட் போர்த்தியிருக்கிறதா, நீள அகலம் சரியா என்று டேப் வைத்து அளந்து பார்த்துப் பணத்தை விடுவிப்பார்கள். ஓசூருக்கும் அதே கணக்கு, கோத்தகிரிக்கும் அதே கணக்கு, அரியலூர் மாவட்டம் செந்துறைக்கும் அதே கணக்கு.

இந்த மூன்று ஊருக்கும் பொதுவாக இருப்பது மானியப் படிவம் ஒன்றுதான். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி அதைப் போல இரண்டு மடங்கு உயரம். அங்கெல்லாம் பனியும் மழையும் செடியைத் தாக்காமலிருக்கக் கூரை போடுகிறார்கள். செந்துறையில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். பக்கவாட்டிலும் மேலேயும் திறப்பு வைத்த குடிலாக இருந்தாலும், உச்சி வேளையில் உள்ளே வெளியைவிடச் சில டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். குடைமிளகாய்க்கு 32, 33 டிகிரியைத் தாண்டினாலே பூ கொட்ட ஆரம்பிக்கும். மின்விசிறியும் ஈரத்திரையும் வைத்துக் குளிரூட்ட வழி உண்டு. அந்த மின்கட்டணம் கையைக் கடிக்கும். ஈரத்திரை குடிக்கும் தண்ணீரோ கிணற்றைக் கடிக்கும்.

தமிழ்நாட்டில் வணிக அளவில் பசுமைக்குடில் வேரூன்றிய இடம் ஓசூர். மாநில அரசின் டிட்கோ நிறுவனப் பங்குடன் அங்கே அமுதகொண்டபள்ளியில் அமைந்த டான்ஃப்ளோரா நிறுவனத்தின் ரோஜாக்கள் காதலர் தினத்துக்கு வெளிநாடு போயின. நீலகிரியில் கார்னேஷன் குடில்கள் பெருகின. விலை நின்றவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விலை சரிந்தபோது நீலகிரி கார்னேஷன் விவசாயிகள் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் அரசிடம் முறையிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் 2018-ல் பாலிஹவுஸ், நிழல்வலை விவசாயிகள் தனியாகவே அணி திரண்டு கடன் தள்ளுபடி கேட்டார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஓசூர் ரோஜாக்களைப் பறித்துக் குப்பையில் கொட்டினார்கள். இத்தனையிலும் செடி வளரத்தான் செய்தது, பூவும் பூத்தது. வாங்கிய கடனைத் தாங்கும் அளவுக்கு விலை நிற்கவில்லை, அவ்வளவுதான். நீடித்த வேளாண்மை பற்றிய கருத்தரங்குகளில் மண்புழு உரமும் சூரிய மின்தகடும் அடிபடும் அளவுக்கு இந்தக் கடன் கணக்கு அடிபடுவதில்லை. மூன்றாம் ஆண்டு வங்கி நோட்டீஸ் வந்து நின்றால், அந்தக் குடிலில் எத்தனை இயற்கை முறை இருந்து என்ன பயன்?

இதற்காகச் செந்துறைக்குக் குடிலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. முந்திரி, மக்காச்சோளம், பருத்தி, கடலை என்று மழையை நம்பியே பெரும்பாலும் ஓடும் பூமி இது. கூலிக்கு ஆள் கிடைப்பது அரிது. மயிலும் பன்றியும் வேறு. சிறு விவசாயி அரை ஏக்கரில் நிச்சயமான வருமானம் பார்க்க மூடிய சாகுபடி ஒரு நல்ல வழி. ஆனால், அந்தக் குடிலை இந்த ஊர் வெயிலையும் தண்ணீரையும் சந்தையையும் பார்த்துப் போட வேண்டும். ஓசூர் வரைபடத்தைச் செந்துறையில் ஒட்டினால் அது நிற்காது.

குழாயை அடைக்கும் சுண்ணாம்பு

முதலில் தண்ணீர். அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலடி. அந்தப் பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் ஆலத்தியூர், தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர் என்று சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன. அதே சுண்ணாம்பு இந்த வட்டாரக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் கரைந்து வருகிறது. வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது, தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய்க்குள்ளும் படிகிறது.

அடைபட்ட டிரிப்பர் ஒன்றைப் பிளேடால் பிளந்து பார்த்தால் தெரியும். தண்ணீர் வளைந்து வளைந்து போக வேண்டிய மெல்லிய வாய்க்காலில் வெள்ளைப் பொருக்கு கல்லாக இறுகிக் கிடக்கும். தண்ணீரோடு பாஸ்பரஸ் உரத்தையும் கரைத்து விட்டால் சுண்ணாம்பு அதோடு சேர்ந்து இன்னும் சீக்கிரம் படியும். பத்துச் செடிக்கு ஒரு செடி வாடி நிற்கும். பக்கத்துச் செடி நன்றாக இருக்கும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு. ஆசிட் கலந்து விட்டு, ஒரு நாள் நிறுத்தி, குழாய் முனையைத் திறந்து கழுவி விடுவதுதான் வழக்கமான வைத்தியம். அது டிரிப்பரைத் திறக்கும், மண்ணைத் திருத்தாது. திறந்த வயலில் மழை வந்து உப்பை அலசிவிடும். கூரைக்குள் மழை ஏது? மூன்று நான்கு ஆண்டுகள் இதே தண்ணீர் பாய்ந்தால் மண் கெட்டிப்பட்டு, இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச் சத்துக் குறைபாடு. உரக்கடைக்காரர் அதற்கும் ஒரு பாக்கெட் வைத்திருப்பார்.

சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிக்கு 100 சதவீத மானியம் தரும் மாநிலம் இது. பெருமைப்பட வேண்டிய திட்டம். ஆனால், குழாயை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதில் எந்தத் தண்ணீர் ஓடப்போகிறது என்று பார்க்காமல் விட்டால் இரண்டு வருஷத்தில் அது வேலி கட்டத்தான் உதவும்.

இதற்கான தீர்வு குடிலின் தலைக்கு மேலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 950 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரையில் விழும் மழை 9.5 லட்சம் லிட்டர். சிந்தியது, வழிந்தது போக ஏழரை லட்சம் லிட்டரைப் பிடிக்கலாம். குடிலுக்குள் வெள்ளரிக்கோ மிளகாய்க்கோ சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று லிட்டர் போதும். இரண்டரை என்று வைத்து 300 நாள் கணக்கிட்டால் அதே ஏழரை லட்சம். சுண்ணாம்பு இல்லாத, உப்பில்லாத தண்ணீர். ஆசிட் செலவு இல்லை. இன்று இந்த மழையெல்லாம் கூரையின் தகர வாய்க்கால் வழியாகக் குடிலின் அடிவாரத்தில் கொட்டி, தூணைச் சுற்றி மண்ணை அரித்துவிட்டு வரப்பைத் தாண்டிப் போகிறது.

மழை ஆடி முதல் கார்த்திகை வரை விட்டுவிட்டு வருவதாலும், வரவரச் செடி குடித்துக்கொண்டே இருப்பதாலும், மொத்தத்தையும் தேக்கத் தேவையில்லை. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை நான்கு லட்சம் லிட்டர் பிடிக்கும். அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பு போட வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு பூமி உறிஞ்சிவிடும். மேலே பழைய நிழல்வலையையாவது இழுத்துக் கட்ட வேண்டும். இந்த வெயிலில் திறந்த குட்டை நீரில் பெரும்பங்கு ஆவியாகிவிடும். குட்டைக்கு ஐந்து சென்ட் இடம் போதும். கரைச் சரிவுக்கு வேண்டுமானால் இன்னும் ஒரு சென்ட். வெட்டியே தீர வேண்டும். மழைநீரைச் சேமிக்கும் குட்டை இல்லாத குடிலுக்கு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் மானியமே கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நகரத்தில் வீடு கட்டுபவர் மழைநீர்ச் சேகரிப்பு இல்லாமல் தப்ப முடியாது என்று 2003-ல் சட்டம் போட்ட மாநிலத்துக்கு இது புதிதல்ல.

வெயிலை வேலை வாங்கலாம்

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் ஏறத்தாழ 30,000 ஹெக்டேருக்குப் பிளாஸ்டிக் கூரைதான். விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் வெள்ளையாகத் தெரியும். மழை குறைந்த, வெயில் காயும் மண். நிலத்தடி நீரை உறிஞ்சிக் கடல்நீரை உள்ளே வரவழைத்ததில் அது நமக்கு எச்சரிக்கை. வேறு இரண்டு விஷயங்களில் பாடம்.

ஒன்று, கோடை வந்ததும் அங்கே கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அரைத்த சுண்ணாம்புக்கல் மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பார்கள். ஒளியில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும், உள்ளே சூடு தணியும். மழை தொடங்கியதும் கழுவிவிடுவார்கள். இத்தனை ஆயிரம் ஹெக்டேர் கூரை வெளுத்ததில் 1983 முதல் 2006 வரை அந்தப் பகுதியின் வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.3 டிகிரி குறைந்துவந்தது என்று அல்மேரியா ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லை லாரி லாரியாக அனுப்பும் செந்துறைக்காரருக்கு இந்தச் சரக்கை எங்கே வாங்குவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்துப் பழகிய ஊர். சுட்ட சுண்ணாம்பை மட்டும் கூரைமேல் ஊற்றிவிடக் கூடாது, அரைத்த கல்மாவுதான். முதல் மழை நீரைக் குட்டைக்கு விடாமல் வெளியே திருப்பிவிட ஒரு வால்வும் வேண்டும். சுண்ணாம்பும், லாரிகள் கிளப்பும் சாலைப் புழுதியும் அதில்தான் வரும். அந்தப் புழுதியே தனிக் கதை: ஷீட்மேல் படிந்து பனியில் நனைந்து இறுகினால் மார்கழியில் செடிக்குத் தேவையான வெளிச்சத்தையே குறைத்துவிடும்.

இரண்டாவது, பூச்சிமருந்து. 2006 கடைசியில் ஜெர்மனியில் ஸ்பெயின் குடைமிளகாயைச் சோதித்ததில் அனுமதியில்லாத மருந்து சிக்கியது. வாங்குபவர்கள் முகம் திருப்பினார்கள். அடுத்த இரண்டு பருவங்களுக்குள் அல்மேரியாவின் குடைமிளகாய் விவசாயிகளில் பெரும்பாலோர், இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் தின்னும் நன்மை செய்யும் சிலந்திப்பேன்களுக்கு மாறினார்கள். மனசாட்சி உறுத்தி மாறவில்லை, சந்தை மாற்றியது. நம் ஊரில் சோதனைச்சாலை அறிக்கை கேட்கும் மொத்த வியாபாரி எத்தனை பேர்? அவர் கேட்காதவரை மஞ்சள் ஒட்டுப்பொறியும் வேப்பெண்ணெயும் பயிற்சி முகாமோடு நின்றுவிடும். உழவர் சந்தையில் மாதம் ஒருமுறை எச்சச் சோதனை நடத்தி முடிவை அங்கேயே பலகையில் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

குடில் விவசாயியின் பெரிய எதிரி கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. ஒரே மண்ணில் வெள்ளரி, தக்காளி, மறுபடி வெள்ளரி என்று மாற்றி மாற்றிப் போட்டால் மூன்றாம் போகத்தில் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாகிவிடும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு நச்சுக் குருணையைக் கொட்டுவது நடப்பு வழக்கம். செந்துறை வெயில் இருக்கும்போது அது எதற்கு? சித்திரையில் பயிரை எடுத்துவிட்டு, மண்ணை நன்றாகக் கிளறி, தண்ணீர் பாய்ச்சி, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீனை விரித்து ஓரங்களை மண்ணால் மூடி, ஐந்தாறு வாரம் விட்டுவிட வேண்டும். மேல்மண் வெந்து நூற்புழுவும் பூஞ்சையும் களை விதையும் பெருமளவு அடங்கும். பிறகு வேப்பம் பிண்ணாக்கும் தொழுவுரமும். எப்படியும் அந்த இரண்டு மாதம் குடிலுக்குள் பயிர் தாங்காது. தண்ணீர்க் கணக்கில் 300 நாள் என்று வைத்ததும் அதனால்தான். கத்தரி போடுபவர் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றை நட்டால் நூற்புழுவுக்கும் வாடலுக்கும் இன்னும் நல்லது.

நெதர்லாந்துக் கதையைக் கேட்டு மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ரோட்டர்டாம் பகுதி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயுவை 2005 முதல் குழாய் வழியே குடில்களுக்கு அனுப்பிச் செடி வளர்க்கிறார்கள். அரியலூர் சிமெண்ட் ஆலைப் புகையையும் அப்படியே பயன்படுத்தலாமே என்று மேடையில் யாராவது சொல்லக்கூடும். அவர்களுடையது நாலாபுறமும் அடைத்த கண்ணாடி வீடு. சூடு வெளியேறப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் நம் குடிலில் வாயு நிற்காது. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

எதை வளர்ப்பது?

சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய்க்கு அரியலூர் சந்தையில் ஆள் இல்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் அளவோடுதான் போகும். சென்னை ஓட்டல்களுக்கு அனுப்ப ஓசூர் விவசாயியோடு போட்டி போட வேண்டும். அவருக்குக் குளிர் இலவசம். ஆக, செந்துறைக் குடில் காய்கறியைவிட நாற்றை வளர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பக்கத்துப் பெரம்பலூர் சின்ன வெங்காய பூமி. ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் வாங்கி நடுகிறார்கள். விலை ஏறிய ஆண்டில் விதைக்கே கடன். வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ (ஆன்) 5 ரகத்தை விதையிலிருந்து நாற்றுவிட்டு நடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ விதை போதும். ஐப்பசி மழையில் திறந்த நாற்றங்கால் அழுகும். நிழல்வலைக்கு மேல் ஒரு மழைத்தடுப்பு ஷீட் போட்ட குடிலில் அந்தப் பயம் இல்லை. மிளகாயும் கத்தரியும் அப்படியே. 98 குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, விரலால் அழுத்திக் குழி போட்டு, குழிக்கு ஒரு விதை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீனால் மூடினால் சில நாளில் முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்; உடனே பிரித்துப் பரப்பிவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தால் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து வீணாகும். கையில் பக்குவம் உள்ள பெண்கள் செய்யும் வேலை இது. மகளிர் குழுவுக்கு 500 சதுர மீட்டர் நிழல்வலை தாராளம். உலகக் குடில்களெல்லாம் பொள்ளாச்சியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கப்பலில் வரவழைக்கும் நார்க்கழிவு நமக்கு லாரித் தூரத்தில் இருக்கிறது.

முந்திரியும் உண்டு. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் முந்திரிக் காடுகளில் கொட்டை போட்டு முளைத்த கிழட்டு மரங்கள் இன்னும் நிறைய. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 போன்ற ரகங்களின் ஒட்டுக்கன்றை உருவாக்க நிழல்வலையும் ஈரப்பதமும்தான் தேவை. கட்டிய ஒட்டு தளிர்க்கும்வரை வெயில் படாமல் காப்பது அந்த வலையின் வேலை.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் 2004-ல் தொடங்கி 400 ஹெக்டேரில் நடந்த துல்லியப் பண்ணையத் திட்டத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் முதல் ஆண்டு விவசாயிகளுக்கு 100 சதவீதம், அடுத்து 90, அடுத்து 80 என்று மானியத்தைக் குறைத்துக்கொண்டே போனது. பெரிய கூரை எதுவும் இல்லை: நிழல்வலை நாற்றங்கால், குழித்தட்டு நாற்று, சொட்டுநீரில் கரைந்த உரம், குழுவாகச் சேர்ந்து விற்பனை. திட்டம் முடிந்த பிறகும் தனியார் நாற்றுப் பண்ணைகள் அந்தப் பகுதியில் தொழிலாகவே நின்றுவிட்டன. குடிலுக்குள் காசைக் கொட்டுவதைவிட நாற்றில் கவனம் வைத்தால் அக்கம்பக்கத்து நூறு ஏக்கருக்குப் பயன் போகும் என்பதற்கு அது போதும்.

பழைய ஷீட் எங்கே போகிறது?

200 மைக்ரான் கூரை ஷீட் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். மூடாக்கு ஷீட் ஒரே போகத்தில் கிழியும்; அறுவடைக்குப் பின் உழவு ஓட்டினால் துண்டு துண்டாக மண்ணுக்குள் போகும், மீதியை வரப்பில் குவித்துக் கொளுத்துவார்கள். உலக வேளாண்மை ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2021-ல் கணக்குச் சொன்னது. 2019 ஜனவரி 1 முதல் மளிகைக் கடையில் கேரி பேக்குக்குத் தடை போட்டு அபராதமும் வசூலிக்கிறோம். வயலில் கிடக்கும் ஷீட்டைக் கேட்க நாதியில்லை. விற்ற நிறுவனமே பழையதைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்ததற்கான ரசீதைக் காட்டினால்தான் அடுத்த ஷீட்டுக்கு மானியம் என்று வைத்தால் நிறுவனமும் வரும், விவசாயியும் கொளுத்த மாட்டார்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். சுரங்கம் நடத்துபவர்கள் பழைய குத்தகைகளுக்கு உரிமத்தொகையில் 30 சதவீதத்தையும், ஏலத்தில் எடுத்தவற்றுக்கு 10 சதவீதத்தையும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது. பாசனத்துக்கும் அதில் இடமுண்டு. சுண்ணாம்புக்கல் தோண்டிய செந்துறை வட்டாரக் கிராமங்களுக்கு அதிலிருந்து பண்ணைக்குட்டையும் நாற்றங்காலும் கிடைப்பது சலுகை ஆகாது. ஜெயங்கொண்டம் அருகே சோழமாதேவி வேளாண் அறிவியல் மையத்தில் சுண்ணாம்பு அடித்த கூரை, குட்டை, நிழல்வலை நாற்றங்கால் மூன்றையும் சேர்த்து ஒரு மாதிரிக் குடில் போட்டு, ஒரு முழு ஆண்டு ஓட்டி, வரவு செலவைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். தனி வேளாண் பட்ஜெட் போடத் தொடங்கிய அரசுக்கு இது சின்னச் செலவு.

அதுவரை, குடில் போடும் எண்ணத்தில் இருக்கும் விவசாயி கம்பெனிக்காரரிடம் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: கூரைத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள்? என் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா? மே மாத மத்தியானம் உள்ளே எத்தனை டிகிரி இருக்கும்? பழைய ஷீட்டை யார் எடுத்துப்போவது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் ஒப்பந்தம் போட வேண்டாம்.